புகைப் பரிசோதனையில் இரண்டு தடவை தவறிய வான்: எஞ்சினை இறக்க முன்

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் வாகன இலக்கத்தையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 44. 2017 இல் செட்டிகுளத்தில் ஒருவரிடம் ஹயேஸ் 'டொல்பின்' டீசல் வான் ஒன்று வாங்கினார். 1990களின் தொடக்கத்து வண்டி, '3எல்' என்ற வகை எஞ்சின். கிழமையில் மூன்று நாள் கிளிநொச்சிக்கு மரக்கறி ஏற்றுகிறார். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் ஓகஸ்டில் மடுத் திருவிழாவுக்கும் ஆட்களைக் கூட்டிப் போகிறார். பதிவுப் புத்தகம் இன்னும் வவுனியாவைச் சேர்ந்த முதல் உரிமையாளரின் பெயரில்தான் இருக்கிறது. அவர் இப்போது கனடாவில். வாங்கும்போது இவருக்குக் கிடைத்தது புத்தகமும், கையெழுத்து மட்டும் போட்டுத் திகதி போடாத உரிமை மாற்றப் படிவமான 'ஓப்பன் பேப்பரும்'. அந்தப் பெயரிலேயே ஆண்டுதோறும் வரிப்பத்திரம் எடுத்து ஓடியிருக்கிறார்.

போன வருடம் புகைப் பரிசோதனையில் வான் தவறியது. எயார் பில்டரை ஊதித் துடைத்துக்கொண்டு திரும்பப் போனார், மறுபடியும் தவறியது. வரிப்பத்திரம் முடிந்து 14 மாதம் ஆகிறது. "உள்றோட்டிலை மட்டும்தான் ஓடுறன்" என்கிறார். அவருடைய கேள்விகளை அவருடைய சொற்களிலேயே தருகிறேன்:

"எஞ்சினை இறக்கி ரிங் போடோணும் எண்டு கராஜ் பாஸ் சொல்லுறார். இன்னொராள், வானைக் கொண்டுவரத் தேவையில்லை, காசைத் தந்தால் சேட்டிபிக்கற்றை எடுத்துத் தாறன் எண்டுறார். முப்பது வருசம் தாண்டின வண்டிக்கு இனிப் பத்திரமே குடுக்க மாட்டினமாம் எண்டும் ஒரு கதை அடிபடுது. நான் இதை வித்துப்போட்டு இருக்கிறதோ, காசைப் போட்டுத் திருத்துறதோ?"

அன்புள்ள வாசகருக்கு,

மூன்று விஷயங்களுக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். வயது போய்விட்டது என்பதற்காக மட்டும் ஒரு வாகனத்துக்கு வருமான அனுமதிப்பத்திரத்தை (வரிப்பத்திரத்தை) மறுக்கும் விதி இலங்கையில் இல்லை. புகை, காப்புறுதி, பத்திரங்கள் சரியாக இருந்தால் உங்கள் வானுக்கும் கொடுப்பார்கள். வான் வராமலே சான்றிதழ் எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். எஞ்சினை இப்போதைக்கு இறக்கவும் வேண்டாம். இறக்க வேண்டும் என்பதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு சான்றும் இல்லை. இறக்கத் தேவையில்லை என்பதற்குத்தான் சான்றுகள் இருக்கின்றன.

காலையில் முதல் அடியிலேயே ஸ்டார்ட் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒயில் குறைவதில்லை, சேர்விசுக்குச் சேர்விஸ் இடையில் ஊற்றுவதே இல்லை என்கிறீர்கள். புகை கறுப்பு, நீலம் இல்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்த டீசல் எஞ்சின் இப்படி நடந்துகொள்ளாது. அது காலையில் இழுபடும், ஒயில் குடிக்கும், நீலப் புகை விடும்.

கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "வாங்கின புதிசிலை பிக்கப் காணாது எண்டு ஒராள் பம்பைக் கூட்டிவிட்டவர்." எனக்கு முழுக் கடிதத்திலும் முக்கியமான வரி அதுதான். அதற்கு வருகிறேன். அதற்கு முன் புத்தகத்தைத் திறவுங்கள்.

ஸ்பானரை எடுக்க முன் புத்தகம்

பதிவுப் புத்தகத்தில் உள்ள செஸி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியில் பொறித்திருப்பவற்றோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எஞ்சின் புளொக்கில் உள்ள இலக்கத்தின் மேல் ஒயிலும் புழுதியும் சேர்ந்து கல் மாதிரி இறுகியிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, ரோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். கம்பித் தூரிகையால் உரச வேண்டாம். இலக்கம் சிதைந்தால் அதுவே தனி வழக்காகிவிடும்.

இந்த வேலைக்கு முதலிடம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இவ்வளவு பழைய ஹயேஸ்களில் எங்கோ ஒரு கட்டத்தில் எஞ்சின் மாறியிருப்பது சாதாரணம். பஞ்சிகாவத்தையிலிருந்து ஒரு பழைய எஞ்சினை வாங்கி வந்து பூட்டிவிட்டு, புத்தகத்தில் மாற்றாமல் விட்டிருப்பார்கள். உங்களுடையதும் அப்படி இருந்தால், எஞ்சின் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் உரிமை மாற்றம் நடக்காது. அது தெரியாமல் எஞ்சினுக்குள் காசைக் கொட்டுவது வீண். கராஜ் பாஸ் 'ரிங் போடுவதை விட வேறு எஞ்சின் ஒன்றைப் பூட்டுவோம்' என்று சொன்னாலும் இதே பதில்தான். வாங்கும் எஞ்சினுக்கு இறக்குமதிப் பத்திரமும் பற்றுச்சீட்டும் இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள்.

புத்தகத்தில் 'முழு உரிமையாளர்' என்ற இடத்தையும் பாருங்கள். முன்பு லீசிங் போட்ட வண்டியாக இருந்தால் நிறுவனத்தின் பெயர் அங்கே இருக்கும். கடன் கட்டி முடிந்திருந்தாலும் அந்தப் பெயர் நீங்காமல் விற்பனை முழுமையாகாது. திணைக்களத்தின் இணையச் சேவையில் வாகன இலக்கத்தைக் கொடுத்து, சிறு கட்டணத்துடன் பதிவு விவரத்தைப் பார்க்கலாம். புத்தகமும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இயந்திரம் எதைப் பார்க்கிறது

டீசல் வாகனத்துக்குச் செய்வது திடீர் முடுக்கச் சோதனை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, நியூட்ரலில் வைத்து அக்சிலரேற்றரை ஒரே மிதியில் அடிவரை மிதிப்பார்கள். எஞ்சின் அதன் உச்சச் சுற்றுக்குப் போனதும் விடுவார்கள். இதைப் பல தடவை செய்வார்கள். சைலன்சர் குழாய்க்குள் வைத்த கருவி, புகைக்குள்ளால் வெளிச்சம் எவ்வளவு மறைகிறது என்பதை ஒவ்வொரு மிதிக்கும் அளக்கும்.

நீங்கள் அனுப்பிய அறிக்கைப் படத்தை உற்றுப் பார்த்தேன். அளவீடுகள் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்டச் சமம், எல்லாமே எல்லையின் இரு மடங்குக்கு அருகில். சைலன்சருக்குள் தேங்கிய கரிதான் பிரச்சினை என்றால் முதல் மிதியில் கூடுதலாகவும், பிறகு ஒவ்வொரு மிதிக்கும் குறைந்துகொண்டும் வந்திருக்கும். குறையவில்லை. ஆகவே ஒவ்வொரு மிதிக்கும் எஞ்சின் புதிதாகக் கரியை உண்டாக்குகிறது. காற்றுக்கு மிஞ்சிய டீசல் உள்ளே போகிறது அல்லது டீசலுக்குப் போதிய காற்று வரவில்லை. கறுப்புப் புகைக்கு இந்த இரண்டையும் விட்டால் மிஞ்சுவது, டீசல் பனியாகச் சிதறாமல் துளியாக விழுவது. தேட வேண்டிய இடம் இவ்வளவுதான்.

பம்பைக் 'கூட்டியது'

3எல் எஞ்சினின் கொள்ளளவு 2779 சிசி. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் ரேர்போ கிடையாது. ஒரு சிலிண்டர் ஒரு தடவையில் இழுக்கக்கூடிய காற்று அதிகபட்சம் ஏறத்தாழ 695 சிசி. அந்தக் காற்றில் எவ்வளவு டீசல் எரியுமோ அதற்கு மேல் ஒரு துளி கொடுத்தாலும் அது பலமாக மாறாது, கரியாகத்தான் வெளியே வரும்.

எஞ்சினுக்கு டீசலை அளந்து அனுப்பும் பம்பின் பின்பக்கத்தில் பூட்டு நட்டோடு ஒரு திருகாணி இருக்கும். முழு மிதியில் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. தொழிற்சாலையில் அளந்து, யாரும் திருப்பாதபடி முத்திரை போட்டுத்தான் அனுப்புவார்கள். 'பம்பைக் கூட்டுவது' என்பது அந்த முத்திரையை உடைத்து அந்த ஆணியை உள்ளே திருப்புவது. அரைச் சுற்றே பெரிய மாற்றம். கொஞ்ச நாளைக்கு வண்டி துள்ளுவது போலத் தெரியும். அதோடு டீசல் கூடுதலாகப் போகும், சைலன்சர் வெப்பம் ஏறும், மிஞ்சிய டீசல் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவும். இன்றைக்குத் தேயாத ரிங்கையும் நாளைக்குத் தேய்ப்பது அதுதான்.

இனி ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டவுடன் யாராவது ஸ்குரூட்ரைவரோடு வந்து "நான் குறைச்சு விடுறன்" என்பார்கள். விட வேண்டாம். கண் மட்டத்தில் கூட்டியதைக் கண் மட்டத்தில் குறைத்தால், பரிசோதனையில் தேறினாலும் மரக்கறி மூட்டைகளோடு வண்டி இழுக்காது. திரும்ப ஒருவர் கூட்டுவார். சிலர் உச்சச் சுற்றைக் கட்டுப்படுத்தும் ஆணியைக் குறைத்து, எஞ்சின் முழு வேகத்துக்குப் போகாதபடி செய்து சோதனையை ஏய்க்கப் பார்ப்பார்கள். அது பரிசோதனையும் இல்லை, திருத்தமும் இல்லை. பம்பைக் கழற்றி, வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ டெஸ்ட் பெஞ்ச் உள்ள டீசல் பம்ப் கடையில் கொடுத்து, அந்தப் பம்ப் இலக்கத்துக்குரிய அளவில் வைத்து வாங்குங்கள். நான்கு வாயிலும் வந்த டீசலின் அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராத கடைக்குக் கொடுக்க வேண்டாம்.

மண்ணெண்ணெய் கலப்பது

டீசலுக்குள் மண்ணெண்ணெய் கலந்து பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது வன்னியில் எல்லோருக்கும் தெரியும். பொருளாதாரத் தடைக் காலத்தில் துளிப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளும் தண்ணீர்ப் பம்பும் ஓடின. வேறு வழியில்லாத நேரத்தில் மக்கள் கண்டுபிடித்த வழி அது. ஆனால் அவை பெற்றோல் எஞ்சின்கள். உங்கள் டீசல் பம்புக்குள் தனியாக ஒயில் இல்லை. உள்ளே சுழலும் பாகங்களுக்கு வழுவழுப்பைக் கொடுப்பதே டீசல்தான். மண்ணெண்ணெய்க்கு அந்தத் தன்மை குறைவு. புகை ஒரு நாள் கொஞ்சம் மெலிந்து தெரியலாம், ஆனால் பம்ப் உள்ளுக்குள் கீறுபடும். தாங்கியை வடித்து, ஷெட்டில் நேரடியாக அடித்த டீசலை நிரப்புங்கள். உழவு இயந்திரத்துக்கென்று கானில் மாதக்கணக்கில் வைத்திருந்த டீசலும் வேண்டாம், அடியில் தண்ணீர் இருக்கும்.

செலவு குறைந்ததிலிருந்து கூடியதுக்கு

வரிசை முக்கியம். பம்பைக் கழற்ற முன்பே கீழே உள்ளவற்றை முடியுங்கள்.

எயார் பில்டர். ஊதித் துடைத்தேன் என்கிறீர்கள். கிறவல் புழுதி மா போல நுண்மையானது, காகித மடிப்புக்குள் இறங்கிவிட்டால் கொம்பிரசர் காற்றுக்கு வெளியே வராது. வெளியிலிருந்து உள்ளே ஊதியிருந்தால் இன்னும் ஆழமாக ஏறியிருக்கும். இருட்டில் பில்டருக்குள் ஒரு பல்பைப் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். வெளிச்சம் எல்லா மடிப்பிலும் ஒரேயளவில் வர வேண்டும். திட்டுத் திட்டாக இருண்டிருந்தால் புதிது போடுங்கள். பில்டர் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர்க் குழாயையும் கையால் வளைத்துப் பாருங்கள். மடிப்பில் வெடிப்பு இருந்தால் புழுதி பில்டரைச் சுற்றிக்கொண்டு நேரே உள்ளே போகும். ஓரிடத்தில் அமுங்கி ஒட்டியிருந்தால் காற்றே போகாது. இரண்டும் நடக்கிறது.

டீசல் பில்டரை மாற்றி, அதன் அடியில் உள்ள தண்ணீரை வடியுங்கள். எஞ்சின் ஒயிலையும் ஒயில் பில்டரையும் மாற்றுங்கள். டிப் ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்ற வேண்டாம், மிஞ்சிய ஒயிலும் புகையாகும். வால்வ் இடைவெளியை அளந்து சரிசெய்யச் சொல்லுங்கள். இந்த எஞ்சினில் இடைவெளியைச் சரிசெய்வது ஷிம் எனப்படும் மெல்லிய தகட்டை மாற்றி. நேரம் எடுக்கும் வேலை என்பதால் பல கராஜ்களில் இதைத் தட்டிக் கழித்துவிடுவார்கள். சில டொல்பின்களில் சைலன்சர் புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விடும் இ.ஜி.ஆர். வால்வ் இருக்கும். அது திறந்தபடி சிக்கியிருந்தால் எஞ்சின் தன் புகையையே மூச்சாக இழுக்கும். கழற்றிக் கரியைத் துப்புரவாக்கினால் போதும்.

அடுத்தது கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று இறுகும் அழுத்தம். 'எஞ்சின் இறக்க வேண்டுமா' என்ற கேள்விக்குப் பதில் இந்த ஒரு சோதனையில்தான் இருக்கிறது. இதை எடுக்காமல் எஞ்சினை இறக்கச் சொல்வது, காய்ச்சலை அளக்காமல் ஒப்பரேஷனுக்கு நாள் குறிப்பது மாதிரி. எஞ்சின் சூடாக இருக்க, நான்கு ஹீற்றர் பிளக்கையும் கழற்றி, பம்பில் டீசலை வெட்டும் சொலனொயிட்டின் வயரைப் பிடுங்கிவிட்டு, டீசலுக்கான மானியைப் பூட்டி ஸ்டார்ட்டரால் சுற்ற வேண்டும். பெற்றோல் வண்டிக்கான மானி உடைந்துவிடும். பற்றரி நிறைந்திருக்க வேண்டும், மெதுவாகச் சுற்றினால் எண் பொய் சொல்லும்.

இந்த எஞ்சினுக்குத் தரமான அளவு 455 பி.எஸ்.ஐ. ஆகக் குறைந்தது 284. சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 71 ஐத் தாண்டக் கூடாது. உதாரணமாக 390, 385, 375, 380 என்று வந்தால் எஞ்சினைத் தொடவே வேண்டாம். மூன்று 380 இலும் ஒன்று 260 இலும் நின்றால், முதலில் அந்தச் சிலிண்டரின் வால்வ் இடைவெளியையும் ஹெட் கஸ்கெற்றையும் பாருங்கள். நான்கும் 284 க்குக் கீழே இருந்தால் கராஜ் பாஸ் சொன்னது சரி. அப்போது மட்டும் எஞ்சினை இறக்கலாம்.

கொம்பிரஷன் சரியென்றால், நொசில் வழியாக டீசலை எஞ்சினுக்குள் பீச்சும் இன்ஜெக்டர்கள். நான்கையும் கழற்றி நொசில் டெஸ்டரில் அடிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல நொசில் கிறீச்சென்ற சத்தத்தோடு மூடுபனி போல அடிக்கும், அடித்து முடிந்ததும் நுனி உலர்ந்திருக்கும். கெட்டது தண்ணீர்க் குழாய் மாதிரிப் பீச்சும், நுனியில் ஒரு சொட்டுத் தொங்கும். அந்தச் சொட்டுத்தான் கரி. நான்கும் ஒரே அழுத்தத்தில் திறக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது செப்பு வாஷர்கள் புதிதாக இருக்க வேண்டும். பழையதைத் தட்டிப் போட்டால் அதன் வழியே கொம்பிரஷன் கசியும்.

பம்பும் நொசிலும் ஒரே கடையில், ஒரே நாளில் முடிவது நல்லது. போத்தலில் விற்கும் 'புகை குறைக்கும்' மருந்துகளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தேய்ந்த நொசிலை எந்த மருந்தும் வளர்த்துவிடாது.

பெல்ட்டை மறக்க வேண்டாம்

இது இல்லாமல் பரிசோதனைக்குப் போகாதீர்கள். இந்த எஞ்சினின் டைமிங் பெல்ட் 100,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியது. டாஷ்போட்டில் அதற்கென்றே ஒரு விளக்கு இருக்கிறது. 2017 இல் வாங்கியதிலிருந்து மாற்றியதாக நீங்கள் எழுதவில்லை. முன்பு எப்போது மாற்றினார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாது. திடீர் முடுக்கச் சோதனையில் எஞ்சின் ஒரு நொடியில் உச்சச் சுற்றுக்குப் போய் இறங்குகிறது, அதுவும் பல தடவை. பழைய பெல்ட் அறுவதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். அப்போது எஞ்சினை இறக்காமல் தப்ப முடியாது. பெல்ட்டோடு இழுவிசை உருளையையும் மாற்றுங்கள். எத்தனை கிலோமீற்றரில் மாற்றியது என்று மூடியின் மேல் பெயின்ற்றால் எழுதி வையுங்கள். பம்பைக் கழற்றுவதற்கும் பெல்ட்டைக் கழற்றத்தான் வேண்டும் என்பதால், ஒரே கூலியில் முடியும்.

போகும் நாள்

மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்கு ஏ9 வீதியில் 30 கிலோமீற்றர் அளவு. எஞ்சின் சூடாவதற்குப் போதிய தூரம். வெளிக்கிட்ட உடனே மிதிக்காமல், வெப்பமானி நடுவுக்கு வந்த பிறகு, கடைசிப் பத்து நிமிடம் ஒரு கியர் குறைவாக வைத்து எஞ்சினைச் சற்று உரத்து ஓடவிடுங்கள். குழாயில் தேங்கிய கரி வீதியிலேயே போய்விடும். காலையில் போங்கள், உச்சி வெயிலில் காற்று ஐதாக இருக்கும். வண்டி வெறுமையாக, ஏசி நிறுத்தப்பட்டு இருக்கட்டும். வரிசையில் நிற்கும்போது அரை மணித்தியாலம் சும்மா ஐடிலில் விட்டால் எஞ்சின் ஆறி மறுபடி கரி சேரும். முறை வர முன் ஒரு நிமிடம் நடுத்தரச் சுற்றில் பிடியுங்கள். சைலன்சரில் ஓட்டை இருந்தால் முதல் நாளே ஒட்டிவிடுங்கள்.

ஆனால் பத்திரம் முடிந்த வண்டியை ஏ9 இல் ஓட்டிப் போவது பற்றியும் சொல்ல வேண்டும். உள்றோட்டில் ஓடினால் பரவாயில்லை என்று நினைத்திருக்கிறீர்கள். சட்டம் ஏ9 ஐயும் குளக்கட்டு வீதியையும் வேறாகப் பார்ப்பதில்லை. விபத்து ஒன்று நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பதும் பத்திரத்தைத்தான். பரிசோதனைக்கு மட்டும், செல்லுபடியான காப்புறுதியோடு, பழைய வரிப்பத்திரத்தையும் தவறிய அறிக்கையையும் கராஜ் பற்றுச்சீட்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு, ஆட்களையோ சாமானையோ ஏற்றாமல் போங்கள். மறித்தால் உள்ளதைச் சொல்லுங்கள். மற்ற ஓட்டங்களை இன்றோடு நிறுத்துங்கள். காப்புறுதி தனியார் பாவனைக்கு மட்டுமா, வாடகைக்கும் சேர்த்தா என்றும் பாருங்கள். பொங்கலுக்குக் காசு வாங்கி ஆட்களை ஏற்றுகிறீர்கள். தனியார் பாவனைக்கு மட்டும் போட்ட காப்புறுதி அந்தப் பயணத்துக்குக் கைகொடுக்காமல் போகலாம்.

தரகரும் நிலுவையும்

வான் வராமலே எடுத்த சான்றிதழ் போலிச் சான்றிதழ். இப்போது வருமான அனுமதிப்பத்திரம் வழங்கும் கணினி முறைமை புகைச் சான்றிதழையும் காப்புறுதியையும் நேரே சரிபார்க்கிறது. காகிதத்தில் மட்டும் உள்ளது அங்கே விழுந்துவிடும். வேறு வண்டியை உங்கள் இலக்கத்தில் காட்டிப் பதிந்தாலும் நாளைக்கு விசாரணை வருவது ஓட்டிக்கொண்டிருக்கும் உங்களிடம்தான், தரகரிடம் இல்லை. அந்தக் காசு நான்கு நொசிலுக்கு உதவும். இன்னொன்றும் சொல்கிறேன்: டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் வகைப்படுத்தியது. அந்தக் கரியை முதலில் சுவாசிப்பது பின் சீற்றில் இருக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளைகள்.

14 மாத நிலுவையும் தண்டப் பணமும் கட்ட வேண்டிவரும். 'ஓடாமல் நின்ற காலம்' என்று கழிக்க வேண்டுமென்றால் அதை முன்கூட்டியே எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். நீங்கள் அறிவிக்கவும் இல்லை, வண்டி நிற்கவும் இல்லை. பிரதேச செயலகத்தின் வாகன வரிப் பகுதியில் இலக்கத்தைக் கொடுத்து மொத்தத் தொகையைக் கேட்டு வையுங்கள். கராஜ் செலவோடு அதையும் சேர்த்தால்தான் திருத்துவதா விற்பதா என்று சரியாகத் தீர்மானிக்கலாம். என் கருத்து, கொம்பிரஷன் சரியாக இருந்தால் திருத்துங்கள். பத்திரமும் புகைச் சான்றிதழும் இல்லாத வானை இப்போது விற்றால் இரும்பு விலைதான் கேட்பார்கள்.

கனடாவில் இருப்பவரின் கையெழுத்து

நடப்புப் பத்திரம் கையில் வந்ததும் உரிமை மாற்றத்தைத் தொடங்குங்கள். அதற்கு அந்தப் பத்திரத்தையும் கேட்பார்கள். விற்பவர் பக்கத்துக்கு எம்.டி.ஏ. 8, வாங்குபவர் பக்கத்துக்கு எம்.டி.ஏ. 6 படிவங்கள். கைமாறி 14 நாட்களுக்குள் அறிவித்திருக்க வேண்டும். பிந்தியதற்குத் தண்டப் பணம் உண்டு. அதற்குப் பயந்து ஓப்பன் பேப்பரில் நேற்றைய திகதியைப் போட வேண்டாம். கையெழுத்திட்டவர் அந்தத் திகதியில் நாட்டிலேயே இல்லை என்பதைக் கடவுச்சீட்டு காட்டிக் கொடுக்கும்.

ஓப்பன் பேப்பர் இருந்தால் வண்டி உங்களுடையது என்று பலரும் நம்புகிறார்கள். திணைக்களத்தின் கண்ணில் அது இன்னும் அவருடையது. நீங்கள் செய்யும் விபத்துக்கு அவர் வீட்டுக்குக் கடிதம் போகும். அவர் காலமானால் அந்தப் படிவம் வெறும் தாள். பிறகு மரணச் சான்றிதழ், வாரிசுகள் எல்லோருடைய சம்மதம், சில வேளை நீதிமன்றம் என்று இழுபடும். அவர் உயிரோடும் நல்லபடியாகவும் இருக்கும்போதே, செட்டிகுளத்துக்காரர் மூலமாகத் தொடர்பு எடுங்கள். அவர் கனடாவில் உள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்திலோ துணைத் தூதரகத்திலோ, இங்குள்ள நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கு இந்த வாகனத்தை மாற்றிக் கொடுப்பதற்கென்று அற்றோணித் தத்துவம் எழுதி அத்தாட்சிப்படுத்தி அனுப்பலாம். வாகன இலக்கமும் செஸி இலக்கமும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். தபாலில் அனுப்ப முன் வரைவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, திணைக்களத்தில் காட்டி, ஏற்பார்களா என்று கேட்டுவிடுங்கள். ஒரு எழுத்துப் பிழைக்காக மறுபடி கடல் கடந்து வர வேண்டியதில்லை. இதில் அவருக்கும் நன்மை உண்டு என்பதை எடுத்துச் சொன்னால் மறுக்க மாட்டார்.

இந்தக் கிழமை இலக்கங்களை ஒப்பிட்டு, கொம்பிரஷனை எடுப்பித்து, நான்கு எண்களையும் சிலிண்டர் வரிசைப்படி எழுதி அனுப்புங்கள். பம்புக் கடைக்குப் போக முன் அதைப் பார்த்துச் சொல்கிறேன்.